வீட்டுல செஞ்ச பொடி, முறுக்கு பாக்கெட் போட்டு விக்கப் போறீங்களா? லேபிள் அடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு படியா

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் வீட்டுல பொடி, ஊறுகாய், முறுக்கு போட்டு விக்கிறவங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன், லேபிள் வேலை பார்த்துக் கொடுத்துட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி நானே பொடி வித்தவன்தான். பத்துல எட்டு பேர் ஒரே இடத்துலதான் விழறாங்க. முதல்ல அழகா ஒரு லேபிள் டிசைன் பண்ணி ஆயிரக்கணக்குல அடிச்சு வீட்டுல அடுக்கி வெச்சுட்டு, அப்புறமா "இன்னாபா, இதுல நம்பர் எங்க போடறது"ன்னு கேக்குறாங்க. நானும் அதையேதான் பண்ணேன், 3000 பவுச் அடிச்சேன், அட்ரஸ்ல இருந்து எடை எழுதுற விதம் வரைக்கும் தப்பு, கடைசில அதுல வீட்டுக்கு உளுந்து போட்டு வெச்சோம்.

அதனால வரிசை முக்கியம். பிரிண்டிங் கடைசிக்கு முந்தின வேலை, முதல் வேலை இல்ல.

ஒரு உதாரணத்தை வெச்சே சொல்றேன், பூண்டு போட்ட மல்லாட்டைப் (நிலக்கடலை) பொடி, 200 கிராம் பாக்கெட், விலை 110 ரூபா.

1. உக்காரதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஆதார் இல்லன்னா வேற அடையாள அட்டை, போட்டோ, செய்யுற இடத்தோட அட்ரஸ் ப்ரூஃப் (வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுங்க, பாதில அவர் முறுக்கிக்கிட்டா கஷ்டம்), ஓடிபி வர்ற மொபைல் நம்பர், மெயில் ஐடி. மொபைல் நம்பர் உங்க பேர்ல, உங்க கையில இருக்கிறதா இருக்கட்டும். ஈ-சேவை மையத்துல உக்காந்திருக்கிற தம்பியோட நம்பரைக் கொடுத்துட்டு வந்துட்டாங்கன்னா ரெண்டு வருஷம் கழிச்சு ஏதாவது மாத்தணும்னு வர்றப்போ அந்தத் தம்பி எங்க இருக்கார்னே தெரியாது.

இதோட ஒரு கிராம் தராசு வேணும். அது ஏன்னு அடுத்ததுல வரும்.

2. ரெசிபியை கிராம்ல எழுதுங்க

"ஒரு கை பூண்டு, கொஞ்சம் பெருங்காயம்"னு இருக்குறவரைக்கும் லேபிள் எழுதவே முடியாது. ஒரு கிலோவுக்கு என்னென்ன எவ்ளோன்னு எடை போட்டு நோட்டுல எழுதுங்க. நம்ம பொடிக்கு இப்படி வெச்சுக்கலாம்: மல்லாட்டை 650, பொட்டுக்கடலை 150, காஞ்ச மொளகா 90, பூண்டு 60, உப்பு 45, பெருங்காயம் 5.

காரணம், சேர்மானப் பட்டியலை எடை அதிகமா இருக்கிறதுல ஆரம்பிச்சு குறைவானது வரைக்கும் இறங்கு வரிசையில போடணும்னு விதி. அதுவும் நீங்க உள்ள போடுற நேரத்து எடைதான் கணக்கு, வறுத்து பூண்டு சுருங்கினதுக்கு அப்புறம் இருக்குற எடை இல்ல. அம்மா ஒரு நாள் ஒரு அளவு, மருமக இன்னொரு நாள் வேற அளவுன்னு போட்டா லேபிள்ல இருக்குறது பொய்யாயிடும். சத்து விவரக் கணக்கும் இதுல இருந்துதான் வரணும்.

பெருங்காயத்தை மட்டும் தனியா பார்த்துக்கோங்க. கடைல வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படிச்சா தெரியும். இது ஏன் பெரிய விஷயம்னு 6ல சொல்றேன்.

3. ரெஜிஸ்ட்ரேஷன், இங்க நம்ம மாவட்டக் குழப்பம் வேற இருக்கு

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இல்லாம லேபிள் கிடையாது. விண்ணப்பம் ஃபாஸ்காஸ் போர்ட்டல்லதான், 2020ல இருந்து அதுதான் சைட். கூகுள்ல தேடினா மேல வர்ற பாதி சைட் ஏஜென்ட்டுங்களோடது, அரசாங்க சைட் மாதிரியே இருக்கும், ஆயிரம் ரெண்டாயிரம்னு கேப்பாங்க. நான் போட்டுக் கொடுத்தப்போ எல்லாம் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா பேசிக் ரெஜிஸ்ட்ரேஷன், வருஷத்துக்கு 100 ரூபா, அதுக்கு மேல போனா ஸ்டேட் லைசென்ஸ். இந்த வரம்பு, கட்டணம், செல்லுபடி காலம் இதெல்லாம் அப்பப்போ திருத்துற விஷயம், அதனால நீங்க விண்ணப்பிக்கிற அன்னிக்கு போர்ட்டல்ல என்ன இருக்கோ அதைப் பாருங்க, என் நாக்கை நம்பாதீங்க.

மாவட்டம் செலக்ட் பண்றதுல நிறைய பேர் தடுக்கி விழறாங்க. 2019 நவம்பர்ல வேலூரை மூணாப் பிரிச்சாங்க. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு வேலூர்லயே நிக்குது. ஆனா ஆதார்ல இன்னும் பழையபடி "வேலூர் மாவட்டம்"னே இருக்கும், ஆம்பூர்க்காரங்க அதைப் பார்த்து வேலூர்னு செலக்ட் பண்ணிடுவாங்க, விண்ணப்பம் வேற ஆபீசுக்குப் போய் அங்க தூங்கும் இல்லன்னா திரும்பி வரும். ஆதார்ல என்ன இருந்தாலும் செய்யுற இடம் இன்னிக்கு எந்த மாவட்டத்துல இருக்கோ அதைப் போடுங்க.

அடுத்தது தொழில் வகை. "நான் விக்கிறேன்ல, அப்போ ரீடெய்லர்"னு போட்டுடுறாங்க. நீங்க வறுத்து அரைக்கிறீங்க, அப்போ நீங்க உற்பத்தியாளர். ரீடெய்லர்னு எடுத்துட்டு லேபிள்ல "தயாரிப்பு: நாங்க"ன்னு போட்டா ரெண்டும் ஒத்துப்போகாது, கேள்வி வரும்.

வர்ற நம்பர் 14 இலக்கம். முதல் இலக்கம் 2ன்னா ரெஜிஸ்ட்ரேஷன், 1ன்னா லைசென்ஸ். அடுத்த ரெண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதுக்கடுத்த ரெண்டு வருஷம். இது தெரிஞ்சா யாராவது "எங்க நம்பரையே போட்டுக்கோங்கக்கா"ன்னு கொடுக்குறதையும் கண்டுபிடிச்சிடலாம். அடுத்தவங்க நம்பர் வேணவே வேணாம்.

4. தண்ணியும் இடமும்

பாலாறு ஓரமா இருக்கிறவங்க, முக்கியமா ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம், போர் தண்ணிய அப்படியே நம்ப வேணாம், தோல் தொழிற்சாலைக் கழிவால நிலத்தடி நீர் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வடாம், ஊறுகாய்னு தண்ணி சேர்ற சரக்கு செஞ்சா குடிநீர் தரத்துக்கு (ஐஎஸ் 10500) ஒரு தடவை லேப்ல டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டு வைங்க. லைசென்ஸ்க்கு மாறுறப்போ எப்படியும் கேப்பாங்க.

இன்னொண்ணு, நியூஸ்பேப்பர். முறுக்கு எண்ணெய் வடியறதுக்குக் கூட பேப்பர்ல கொட்டாதீங்க, 2018 பேக்கேஜிங் விதிலயே அதுக்குத் தடை இருக்கு. மை சாப்பாட்டுல இறங்குது, அவ்ளோதான் காரணம்.

5. எத்தனை நாள் தாங்கும்னு மே மாசத்துல பாருங்க

காலாவதி தேதிய எல்லாரும் பக்கத்துக் கடை பாக்கெட்டைப் பார்த்து எழுதுறாங்க. "அவங்க ஆறு மாசம் போட்டிருக்காங்க, நாமளும் ஆறு மாசம்." அவங்க நைட்ரஜன் அடைச்சு பேக் பண்றாங்க, நீங்க மெழுகுவத்தில சீல் பண்றீங்க, ரெண்டும் ஒண்ணா?

மல்லாட்டைல எண்ணெய் இருக்கு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். மார்கழில டெஸ்ட் பண்ணிட்டு மூணு மாசம் நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டா, நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல ஒண்ணரை மாசத்துலயே புகார் வரும். பத்து பாக்கெட் சாதாரணமா அலமாரில வெச்சு பத்து நாளைக்கு ஒண்ணு பிரிச்சு மோந்து தின்னு பாருங்க, நோட்டுல எழுதுங்க. கெட்டுப்போன நாளுக்கு நல்லா முன்னாடியே ஒரு தேதிய வெச்சுக்கோங்க. முடிஞ்சா என்ஏபிஎல் (லேப்களைச் சோதிச்சு அங்கீகாரம் தர்ற அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்ல ஒரு ஷெல்ஃப் லைஃப் டெஸ்ட்டும் எடுங்க.

ஆன்லைன்ல விக்கிற எண்ணம் இருந்தா இது இன்னும் முக்கியம். 2024 நவம்பர்ல ஆன்லைன் நிறுவனங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்னது, கஸ்டமர் கைக்குப் போறப்போ ஆயுள்ல 30 சதவீதமோ, இல்ல காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்கணும்னு. ரெண்டு மாசம்தான் தாங்கும்னா குறைஞ்ச அளவுல அடிக்கடி செய்யுற மாதிரி பிளான் பண்ணுங்க.

6. லேபிள்ல என்ன எழுதணும்

இப்போதைக்கு டிசைனை மறந்துட்டு ஒரு வெள்ளைத்தாள்ல வரி வரியா எழுதுங்க. 2020ல வந்த லேபிளிங் விதி, 2022 ஜூலை 1ல இருந்து கட்டாயமாச்சு, அதோட திருத்தங்களும் சேர்த்துதான் இப்போ பிடிக்கிறாங்க.

மொழி: தமிழ்ல மட்டும் அடிச்சா செல்லாது. கட்டாய விவரம் எல்லாம் இங்கிலீஷ்லயோ இந்திலயோ இருக்கணும், தமிழ் கூடுதலா போட்டுக்கலாம், ஆனா ரெண்டும் முரணா இருக்கக் கூடாது. எனக்கு இது வருத்தம்தான், படிக்கிறவங்க நம்மாளுங்க, ஆனா விதி அப்படி இருக்கு. பெரிசா தமிழ்ப் பேர், கீழ இங்கிலீஷ் விவரம்னு வெச்சுக்கோங்க.

பேர்: பிராண்ட் பேர் மட்டும் போதாது, உள்ள என்ன இருக்குன்னு சொல்ற பேர் முன்பக்கத்துல இருக்கணும். "பாட்டி கைமணம்" பிராண்ட், "பூண்டு நிலக்கடலைப் பொடி"ங்கறதுதான் பேர். மல்லாட்டைன்னு நமக்குள்ள சொல்லிக்கலாம், லேபிள்ல மதுரைக்காரருக்கும் புரியணும். அப்புறம் பேர்ல பூண்டைத் தூக்கிப் பிடிச்சா, சேர்மானத்துல பூண்டு எத்தனை சதவீதம்னும் போடணும், நமக்கு 6.

சேர்மானம்: நிலக்கடலை, பொட்டுக்கடலை, காய்ந்த மிளகாய், பூண்டு (6 சதவீதம்), உப்பு, பெருங்காயம். முறுக்கு மாதிரி பொரிக்கிற சரக்குன்னா வெறும் "சமையல் எண்ணெய்"னு போடக் கூடாது, கடலை எண்ணெயா பாமாயிலான்னு பேர் சொல்லணும். பாமாயிலை மறைக்கத்தான் நிறைய பேர் பொதுவா எழுதுறாங்க, இன்ஸ்பெக்ஷன்ல அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

அலர்ஜி: இதைத்தான் அதிகமா விட்டுடுறாங்க. கோதுமை மாதிரி குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டை, சோயா, அப்புறம் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் சல்ஃபைட், இதுல எது இருந்தாலும் "இதில் இன்னது உண்டு"ன்னு தனி வரி வரணும். நம்ம பொடில நிலக்கடலை இருக்கு, அது எல்லாருக்கும் தோணும். கோதுமை தோணாது, ஆனா பெருங்காயத்து வழியா உள்ள வந்துடுச்சு. மொத்தத்துல 5 சதவீதத்துக்குக் கீழ இருக்குற கூட்டுப் பொருளோட உள் சேர்மானத்தைப் பிரிச்சு எழுத வேணாம்னு ஒரு சலுகை இருக்கு, அது அலர்ஜிக்குச் செல்லாது. அப்போ "நிலக்கடலை, கோதுமை உண்டு"ன்னு போடணும். ஆற்காடு மக்கன் பேடா போடுறவங்களுக்கு மைதா, பால், உள்ள வைக்கிற முந்திரி பாதாம்னு மூணும் வந்துடும். இது பேப்பர் வேலை இல்லங்க, ஒத்துக்காத குழந்தை ஒண்ணு தின்னா மூச்சு அடைச்சுக்கும்.

சத்து விவரம்: 100 கிராமுக்கு எனர்ஜி, புரதம், மாவுச்சத்து, மொத்த சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, செறிவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் ஃபேட், கொலஸ்ட்ரால், சோடியம். அதோட ஒரு வேளை அளவுக்கு தினசரித் தேவைல எத்தனை சதவீதம்னும் போடணும், அதுக்கு அடிப்படை 2000 கிலோ கலோரி, கொழுப்பு 67 கிராம், செறிவுற்றது 22, டிரான்ஸ் 2, சேர்த்த சர்க்கரை 50, சோடியம் 2000 மில்லிகிராம்.

சோடியத்தை மட்டும் போட்டுக் காட்டுறேன். கிலோவுக்கு 45 கிராம் உப்பு, அப்போ 100 கிராமுக்கு 4.5. உப்புல சோடியம் சுமார் 39 சதவீதம், கிட்டத்தட்ட 1770 மில்லிகிராம் வருது. ஒரு ஸ்பூன் 10 கிராம்னா 177, அது 2000ல 9 சதவீதம். மத்ததுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 உணவுப் பட்டியலை வெச்சு தோராயம் பார்க்கலாம், ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை லேப்ல கொடுத்துடுங்க, செலவு வலிக்கும், பரவால்ல. பக்கத்து பிராண்ட் டேபிளை அப்படியே காப்பி அடிக்கிறதுதான் இங்க நான் பார்த்த மகா தப்பு. ஒரு அக்கா பருப்புப் பொடிக்கு யாரோட பிஸ்கட் டேபிளையோ அடிச்சு வெச்சிருந்தாங்க, சேர்த்த சர்க்கரை 22 கிராமாம்!

சைவ அடையாளம்: பச்சை சதுரத்துக்குள்ள பச்சை வட்டம். அசைவத்துக்கு பழுப்பு சதுரத்துக்குள்ள இப்போ முக்கோணம், பழைய வட்டம் இல்ல, கருவாட்டுப் பொடி, இறால் ஊறுகாய் போடுறவங்க கவனிங்க. முன்பக்கப் பரப்பு 100ல இருந்து 500 சதுர செ.மீ.க்குள்ளன்னா வட்டம் 4 மில்லிமீட்டர், சதுரம் 8. காசு மிச்சம்னு ஒரே கலர்ல கறுப்பா அடிச்சா செல்லாது.

மீதி: செஞ்சவங்க பேர், முழு அட்ரஸ் பின்கோடோட, எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோவும் நம்பரும், பேட்ச் நம்பர், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, புகாருக்கு போன் நம்பரும் மெயிலும். போனுக்கு தனி சிம் வெச்சுக்கோங்க, ராத்திரி பதினோரு மணிக்கு "பொடி ஸ்டாக் இருக்கா"ன்னு வீடியோ கால் வரும். தேதி ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும். "பெஸ்ட் பிஃபோர்" மட்டும் போட்டா பத்தாது, எக்ஸ்பைரின்னோ யூஸ் பைன்னோ தேதி கட்டாயம். மூணு மாசத்துக்குள்ள கெடுற சரக்குன்னா நாளும் சேர்த்துப் போடணும், மாசம் வருஷம் மட்டும் பத்தாது.

7. எடை, விலை: இது வேற ஆபீஸ்

இதுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சம்பந்தம் இல்ல, தொழிலாளர் துறைக்குக் கீழ வர்ற எடையளவுப் பிரிவு. பாக்கெட் போட ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள பேக்கர் (பாக்கெட் போடுறவர்) பதிவு, 500 ரூபா. தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. ஃபுட் லைசென்ஸ் வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சு அபராதம் கட்டுனவங்களை எனக்குத் தெரியும்.

லேபிள்ல நிகர எடை, எல்லா வரியும் சேர்த்து எம்ஆர்பி, அப்புறம் யூனிட் விலை. 200 கிராம் 110 ரூபான்னா கிராமுக்கு 0.55 ரூபா. கிலோவுக்குக் கீழ இருந்தா கிராமுக்குக் கணக்கு, மேல போனா கிலோவுக்கு. கிராமுக்கு ஜிஎம்எஸ்னு போடாதீங்க, இங்கிலீஷ் சின்ன எழுத்து ஜி ஒண்ணு மட்டும்தான் சரி. என் 3000 பவுச் போனதுல இதுவும் ஒரு காரணம்.

8. பெருமை வார்த்தைகளை வெட்டுங்க

எழுதின தாளை எடுத்து சிவப்பு பேனாவால ஒரு ரவுண்டு வாங்க. "சுகர் குறையும்", "மூட்டு வலி போகும்", போயிடணும், வியாதி தீரும்னு உணவுல எழுதவே கூடாது. வெல்லம் போட்டுட்டு "சர்க்கரை சேர்க்கவில்லை", போயிடணும், வெல்லமும் தேனும் சேர்த்த சர்க்கரைதான். சர்ட்டிஃபிகேட் இல்லாத "ஆர்கானிக்" போயிடணும். "எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகரித்தது"ன்னு பெருமை அடிக்கிறதும் வேணாம், அது வெறும் பதிவு நம்பர். "நேச்சுரல்", "ப்யூர்", "டிரெடிஷனல்" இதுக்கெல்லாம் 2018 விளம்பர விதில நிபந்தனை இருக்கு, உங்க பிராண்ட் பேர்லயே அப்படி ஒரு வார்த்தை இருந்தா இது பேர் மட்டும்தான், தன்மையைக் குறிக்கலன்னு பொறுப்புத் துறப்பு வரி சேர்க்கணும்.

சமீபத்துல வந்தது ரெண்டு மூணு பார்த்துக்கோங்க. 2024 ஜூன்ல "100 சதவீத பழச்சாறு"ன்னு போடுறதை எடுக்கச் சொன்னாங்க. 2025 அக்டோபர்ல, மருத்துவ ஃபார்முலா இல்லாத பானத்துக்கு ஓஆர்எஸ்ங்கற எழுத்தே பேர்ல வரக் கூடாதுன்னாங்க. நம்மாளுங்களைத் தொடுறது 2025 டிசம்பர் அறிவிப்பு, தேயிலைச் செடில இருந்து வந்தாதான் டீ. ஆவாரம்பூ டீ, செம்பருத்தி டீ, முருங்கை டீன்னு அடிச்சு வெச்சிருக்கிறவங்க பேரை மாத்தணும், "ஆவாரம்பூ பானப் பொடி"ன்னு ஏதாவது. மிஸ்பிராண்டட்னு (லேபிள் தப்புன்னு) வந்தா சட்டத்துல அபராதம் 3 லட்சம் வரைக்கும் இருக்கு.

9. இப்போ பிரிண்ட்

பவுச்ல நேரா அடிக்காம முதல்ல வெறும் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க, 200, 300 போதும். மாறாத விவரம் ஸ்டிக்கர்ல, தேதி, பேட்ச், எம்ஆர்பி மட்டும் கையடக்க கோடிங் மெஷின்லயோ அழியாத மை ஸ்டாம்ப்லயோ. ஸ்கெட்ச் பேனா வேணாம், எண்ணெய் பட்டா அழிஞ்சு போகும், அழிஞ்ச தேதி இல்லாத தேதி.

டிசைன் பண்றவங்க இடம் பத்தலன்னு கட்டாய விவரத்தை எறும்பு சைஸ்ல அடிப்பாங்க, மஞ்சள் மேல வெள்ளை எழுத்து வேற. ஒரு பேப்பர்ல அசல் அளவுல அடிச்சு வீட்டுல வயசானவங்ககிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. கண்ணாடி தேடினா சைஸைக் கூட்டுங்க.

சர்க்கரை, உப்பு, செறிவுற்ற கொழுப்பை லேபிள்ல தடிமனா பெரிய எழுத்துல காட்டணும்னு 2024 ஜூலைல எஃப்எஸ்எஸ்ஏஐ ஒரு முன்மொழிவுக்கு ஒப்புதல் கொடுத்தாங்க, முன்பக்க எச்சரிக்கை லேபிள் பத்தி உச்ச நீதிமன்றமும் 2025ல உத்தரவு போட்டுச்சு. யாராவது இப்பவே முன்பக்கத்துல சத்துக்கு ஸ்டார் மதிப்பெண் போடணும்னு பயமுறுத்தி டிசைன் விக்க வந்தா இறுதி அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்க. லேபிள் திருத்தங்களை வருஷத்துல ஒரே நாள், ஜூலை 1ல இருந்து அமல்படுத்துறதுன்னு அவங்க ஒரு முறை வெச்சிருக்காங்க. அதனால நான் ஏப்ரல், மே மாசத்துல ஸ்டிக்கர் ஆர்டரை குறைச்சே போடுவேன், ஜூன்ல ஒரு தடவை சைட்ல நோட்டிஃபிகேஷன் பக்கத்தைப் பார்த்துட்டு அப்புறம் பெரிய ஆர்டர்.

10. ஒவ்வொரு பேட்ச்சுக்கும்

ஒரு நோட்டு போடுங்க: பேட்ச் நம்பர், தேதி, மல்லாட்டை எந்தக் கடைல வாங்கினது, எத்தனை பாக்கெட், எங்க போச்சு. பேட்ச்ல ரெண்டு பாக்கெட் எடுத்து காலாவதி தாண்டுற வரைக்கும் வீட்டுலயே வைங்க. வேலூர் லாங்கு பஜார் கடைக்காரர் ஒருத்தர் போன் பண்ணி "இந்தப் பொடி கசக்குது"ன்னா, உங்க கையில இருக்குறதைப் பிரிச்சுப் பாருங்க. அதுவும் கசந்தா அந்த பேட்ச் போன எல்லாக் கடைக்கும் அன்னிக்கே போன் பண்ணி திருப்பி எடுங்க, நோட்டுல இருக்கும். கசக்கலன்னா அவர் கடை வாசல்ல வெயில்ல தொங்க விட்டிருக்கார், போய் இடத்தை மாத்தி வெச்சுட்டு வாங்க.